கழுவின பயறு

அக்கா, உந்தத் தண்ணிப் போத்தலை ஒருக்காத் தாறியளே? வாய் வைக்கமாட்டன், அண்ணாந்து குடிக்கிறன். இன்னும் ரெண்டு மிடறு குடிக்கட்டே? உங்களுக்கு மிஞ்சாது போலக் கிடக்கு, குறை நினையாதேங்கோ. சந்தியில இறங்கி வேற போத்தல் வாங்கித் தாறன்.

இந்த பஸ் ஆசுபத்திரியடியில நிக்கும்தானே? நாலரைக்குப் போயிடுமோ? இவன் றைவர் என்ன, மாட்டுவண்டில் ஓட்டுற மாதிரி ஓட்டுறான்.

இல்லையில்லை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேர்க்குது, அவ்வளவுதான். பஸ்ஸுக்குள்ள காத்து இல்லை. உங்களுக்கு வேர்க்கேல்லையோ?

நான் கச்சேரியில, மாவட்டச் செயலகத்தில வேலை, அக்கா. திட்டமிடல் கிளையில ஒருங்கிணைப்பு உத்தியோகத்தர். பேரைக் கேட்டாப் பெரிசு. வேலை என்னெண்டா, அரசாங்கம் ஒரு பக்கத்தால சனத்துக்கு விதை, பசளை, தண்ணிப் பம்பி எண்டு குடுக்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் இன்னொரு பக்கத்தால அதையே குடுக்கும். ஒருத்தரையொருத்தர் கேக்கமாட்டினம். முந்தி ஒரு ஊரில வீட்டுக்கு மூண்டு பம்பி இருந்தது, பக்கத்து ஊரில ஒரு வாளிகூட இல்லை. அந்தக் கூத்தை நிப்பாட்டத்தான் என்னைப் போட்டது. எந்த ஊருக்கு ஆர், என்ன, எந்தத் திகதி எண்டு ஒரு பெரிய அட்டவணை வைச்சிருக்கிறன். பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு நிறம் போட்டு. கொழும்பில இருந்து வந்தவை அதைப் படம் எடுத்துக்கொண்டு போனவை. மற்ற மாவட்டங்களுக்கும் காட்டப்போறமெண்டு சொன்னவை.

நான் என்ர வேலையை ஒழுங்காத்தான் செய்தனான். அதை முதல்ல சொல்லிப்போடுறன்.

நீங்கள் பனிச்சைமுறிப்புக்குப் போயிருக்கிறியளே? நான் ஏறின இடம்தான். நாப்பத்திரண்டு குடும்பம். போன போகம் பசளை இல்லாமல் நெல்லு முழுக்கப் பதராப் போச்சு. இப்ப ஒரு நேரம்தான் உலை வைக்கினம், அதுவும் பின்னேரம் ஆறு மணிக்கு. காலமை வெறும் தேத்தண்ணி. சீனியும் இல்லை. அப்பிடியான ஊருக்கு ஒரு நிறுவனம் அரிசி குடுக்க வந்தது, இன்னொரு நிறுவனம் மேட்டுக்காணியில விதைக்கப் பயறு குடுக்க வந்தது. நல்ல விசயம்தானே. ரெண்டையும் கோத்து விட்டது நான்தான்.

இதில ஒரு முறை இருக்கு, அக்கா. முதல் அரிசி, பேந்து விதை. பசியோட இருக்கிற சனத்திட்டை விதையைக் குடுத்தா அது விதைக்காது, அவிக்கும். சனத்தில பிழையில்லை, பசி அப்பிடி. அதாலதான் அரிசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விதைச் சாக்கு ஊருக்குள்ள போகவேணும். கூட்ட அறிக்கையில அதை எழுதினது நான். அடியில கோடும் போட்டனான். நீங்கள் வேணுமெண்டாப் போய்ப் பாக்கலாம்.

பேந்தென்ன நடந்தது எண்டா, பனர். ஓம், பேர் அடிச்சுச் சுவரில கட்டுற பனர்தான். சிரிக்காதேங்கோ. அரிசி நிறுவனத்துக்கும் வெளிநாட்டில இருந்து ஆக்கள் வருகினம், விதை நிறுவனத்துக்கும் வருகினம், ரெண்டு பேரும் அதே கிழமை. ரெண்டு பேருக்கும் பொதுநோக்கு மண்டபம் வேணும். அந்த மண்டபத்தில ஒரேயொரு சுவர்தான் நல்ல சுவர், மற்றது வெடிச்சுப்போய்க் கிடக்கு. ஒருத்தற்ற பனருக்குக் கீழ நிண்டு மற்றவர் சாமான் குடுக்கமாட்டாராம். எனக்கு மாறி மாறி ரெலிபோன். கடைசியா நான் ஒரு முடிவு எடுத்தன். ஒரே நாளில வேண்டாம், தனித்தனியாச் செய்யுங்கோ எண்டு. விதைக்காரரின்ர ஆக்களுக்குப் பிளேன் முந்தி. அதால விதை அந்தச் சனிக்கிழமை. அரிசி அடுத்த கிழமை.

ஒரு கிழமைதானே எண்டு நினைச்சன். நீங்களா இருந்தாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பியள்.

அடுத்த கிழமை பாத்தா, அரிசிப் பட்டியலில ரெண்டு குடும்பம் இடம் மாறிப்போச்சுதாம், பட்டியலைத் திருப்பி உறுதிப்படுத்தவேணுமாம். உறுதிப்படுத்தினா எங்கட பணிப்பாளர் கையெழுத்து வைக்கவேணும், அவர் லீவில. இண்டைக்கு மூண்டு கிழமை. அரிசி லொறி இப்பவும் களஞ்சிய வாசலில நிக்குது. ஏத்தினபடி நிக்குது அக்கா, இறக்கவுமில்லை. இதில என்ர பிழை எங்க இருக்கு?

இன்னொரு மிடறு தாங்கோ. தொண்டை காயுது. நாக்கில ஏதோ உலோகம் மாதிரிக் கிடக்கு. பயத்திலயும் அப்பிடி வருமாம், என்ன?

சாக்கு விசயத்தையும் சொல்லுறன். அந்தப் பயறு கடையில விக்கிற பயறில்லை. பூஞ்சணம் பிடியாமல் மருந்து தடவின விதை. நல்ல றோஸ் நிறம், சின்னப்பிள்ளையளின்ர முட்டாசி மாதிரி. கொம்பனிக்காரன் சாக்கு நடுவில சிவப்பில மண்டையோடும் எலும்பும் போட்டு, மூண்டு பாசையிலயும் உண்ணக்கூடாது எண்டு அச்சடிச்சுத்தான் அனுப்பினவன். ஆனா ஒப்பந்தத்தில இருக்கிறது, ஒவ்வொரு சாக்கிலயும் அரசாங்க இலச்சினையும் நிறுவனத்தின்ர இலச்சினையும் ஒரே அளவில இருக்கவேணும். ரெண்டு மாதம் இதுக்கே சண்டை. எங்கட பெரிசாய் இருக்கவேணும், இல்லை எங்கட பெரிசாய் இருக்கவேணும் எண்டு கடிதத்துக்கு மேல கடிதம். கடைசியில ஆர் தீர்த்தது? நான். ஒரு ஸ்டிக்கர் அடிப்பிச்சன், ரெண்டும் பக்கத்தில பக்கத்தில. அடிமட்டம் வைச்சு நானே அளந்தனான். சாக்கில அது ஒட்டக்கூடிய இடம் நடுவில மட்டும்தான் இருந்தது. கூட்டத்தில எல்லாரும் கை தட்டினவை.

ஓம். அதுக்கு மேலதான் ஒட்டினது.

மண்டையோட்டை நான் காணேல்லையோ எண்டு கேக்கிறியள் போல. கண்டனான். கண்டிட்டுத்தான் ஒட்டச் சொன்னனான். விதைப் பயறு எண்டு கமக்காரருக்குத் தெரியாதே? நான் சொல்லித்தான் தெரியவேணுமே? அப்பிடித்தான் நினைச்சன். விதைக்காரரின்ர ஆக்களும் ஒண்டும் சொல்லேல்லை. விவசாயப் போதனாசிரியர் ஒராள் மட்டும் வாயைத் திறந்தவர், சேர் எச்சரிக்கை மறையுது எண்டு. வாயால சொல்லி விடுவம் எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்கு வெள்ளைக்காரர் வந்து, மாலை போட்டு, படம் எடுத்து, மழையும் துமிச்சு, சொல்ல நேரம் கிடைக்கேல்லை. அதுக்கு நான் என்ன செய்ய?

இண்டைக்குக் காலமை எட்டு மணிக்குத் தர்மிகாப் பிள்ளை ரெலிபோன் எடுத்தவ. அந்த ஊர் ஜீ.எஸ், கிராம அலுவலர். போன வருசம்தான் வேலைக்கு வந்தவ, சின்னப் பெடிச்சி. "சேர், சனம் விதைப் பயறைக் கழுவிக் காயப் போடுதுகள். ஒருத்தரும் விதைக்கவே இல்லை. நான் நஞ்செண்டு சொன்னாக் கேக்குதுகள் இல்லை. கழுவினாச் சரியெண்டு கச்சேரிச் சேரே சொன்னவராம். நீங்கள் வந்து உங்கட வாயால சொல்லுங்கோ சேர்" எண்டு அழாக்குறையாச் சொன்னவ.

நான் எங்க அப்பிடிச் சொன்னது? நான் ஏன் அப்பிடிச் சொல்லப்போறன்? எனக்கென்ன விசரோ? தர்மிகாவிட்டையும் அதைத்தான் சொன்னனான். ஆரோ கதை கட்டுகினம் பிள்ளை, நான் வந்து விளங்கப்படுத்துறன் எண்டு. கந்தோர் வாகனத்துக்கு டீசல் இல்லை, பஸ்ஸில வெளிக்கிட்டன். இந்த ஊர்ச் சனத்துக்கு வாழ்க்கையில கனக்க நடந்துபோச்சு, அக்கா. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கச்சேரி எங்களுக்கு நஞ்சு தந்தது எண்டு ஒரு வாய் கிளம்பினாக் காணும். அடிப்பினம். அடிச்சாலும் பறவாயில்லை, பேப்பரில படத்தோட வரும். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள்.

பதினொன்றரைக்குப் போய் இறங்கினா, தர்மிகா இல்லை. பிரதேச செயலகத்தில ஒருங்கிணைப்புக் கூட்டமாம், போயிட்டா. அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் வரவேணும் எண்டு எல்லா ஜீ.எஸ்மாருக்கும் கடிதம் போட்டது நான்தான். திகதி மறந்துபோனன். கூட்டத்தில போனை நிப்பாட்டி வைக்கவேணும் எண்ட சட்டமும் என்ரதான். இப்ப வரைக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறன், நிப்பாட்டித்தான் கிடக்கு.

மண்டபத்தில முழுச் சனமும் நிண்டது. ஆம்பிளையள் எல்லாரும். கமக்காரர் சங்கத் தலைவர் பரஞ்சோதியர் எழும்பிக் கதைச்சார். கோபமில்லை, நல்ல மரியாதை. "சேர், ஜீ.எஸ் பிள்ளை நஞ்செண்டுது. நீங்கள் நஞ்சில்லை எண்டனீங்களாம். நாங்கள் ஆரை நம்புறது? மூண்டு கிழமையாய் அரிசியைக் காணேல்லை. பிள்ளையள் பச்சைப் பப்பாசிக்காய் அவிச்சுத் தின்னுதுகள். இண்டைக்குப் பின்னேரம் இந்தப் பயறைத்தான் எல்லாரும் உலையில போடப்போறம். உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுத்தனாங்கள்" எண்டார்.

எனக்காகப் பொறுத்ததுகள், அக்கா.

நான் கதைக்கத் தொடங்கினன். நிறுவனங்களுக்கிடையிலான தகவல் இடைவெளி காரணமாக எண்டு தொடங்கினன். எனக்கு அப்பிடித்தான் வருது, வேற மாதிரி வருகுதில்லை. தொழில்நுட்ப ரீதியாகப் பார்க்கும்போது எண்டன். சனம் வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. நஞ்சு எண்ட சொல் மட்டும் வெளியில வருகுதில்லை. நாப்பது ஆம்பிளையள், ஒரு வாசல். நான் வாசலைப் பாக்கிறன்.

அப்பத்தான் தவமலர் வந்தவ. புருசன் இல்லாத மனுசி, மூண்டு பிள்ளை. ஒரு கோப்பையில அவிச்ச பயறு, மேல தேங்காய்ப்பூ. தேங்காய் எங்க கடன் வாங்கினாவோ தெரியாது. "சேர் காலமை வெளிக்கிட்டிருப்பியள், சாப்பிட்டிருக்கமாட்டியள். நீங்கள் சொன்னமாதிரி மூண்டு தண்ணியில கழுவினது. பாருங்கோ, துளி நிறமில்லை. இன்னும் ஒருத்தரும் வாயில வைக்கேல்லை. முதல் உங்களுக்குத்தான்" எண்டு ரெண்டு கையாலயும் நீட்டினா.

நான் அவவின்ர முகத்தைப் பாத்தன். அப்ப எனக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுது.

சொன்னனான் அக்கா. நான்தான் சொன்னனான். விதை குடுத்த அண்டைக்கு, வெள்ளைக்காரர் படத்துக்கு வரிசையா நிண்டு என்னைக் கூப்பிடுகினம், பின்னால இருந்து தவமலர் கேட்டவ, "சேர், இது கழுவினா நிறம் போகுமோ?" எண்டு. நான் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. "போகும், போகும்" எண்டிட்டு ஓடிப்போய்ப் படத்துக்கு நிண்டனான். அவ ஏன் கேட்டவ எண்டு ஒரு கணம் யோசிச்சிருந்தாக் காணும். விதைக்கிறவள் ஏன் கழுவப்போறாள்?

காலமை தர்மிகாவிட்டைப் பொய் சொன்னது எனக்குத் தெரியும். உங்களிட்டையும் இப்பத்தானே சொன்னனான், நான் எங்க சொன்னது எண்டு. அதுவும் பொய்.

கோப்பையை வாங்கினன். வாங்காமல் என்ன செய்யிறது? ஒருநேரம் தின்னுற வீட்டுக்காரி முதல் உனக்கெண்டு நீட்டேக்க வேண்டாம் எண்டு சொல்லுறதே? சொல்லலாம்தான். வேண்டாம், இது நஞ்சு, நான் சொன்னது பிழை எண்டு நாலு சொல்லுச் சொல்லலாம்தான். சொல்ல வாயைத் திறந்தன் அக்கா, சத்தியமாத் திறந்தன். எல்லாரும் என்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. வாய்க்குள்ள ஒரு கை பயறைப் போட்டிட்டன்.

ரெண்டு கை. ரெண்டாவது ஏன் போட்டனெண்டு எனக்கே தெரியாது. முதலாவதை விழுங்கினதும் பரஞ்சோதியர் சிரிச்சார். சனம் முழுக்க மூச்சு விட்டமாதிரி இருந்தது. ஒரு கிழவர் தன்ர பேரப்பிள்ளையைத் தூக்கி, பாத்தியா, சேர் தின்னுறார் எண்டு காட்டினார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ரெண்டாவது. நல்லாயிருக்கு எண்டும் சொன்னன். நல்லாத்தான் இருந்தது. பயறு பயறு மாதிரித்தான் இருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால போய் விரலை விட்டுச் சத்தி எடுக்கப் பாத்தன், வரேல்லை. பஸ்ஸுக்கு நிக்கேக்க போதனாசிரியருக்கு எடுத்தன், எனக்கெண்டு சொல்லேல்லை, சும்மா அறிய எண்டு கேட்டன். "நிறம் போனாலும் மருந்து உள்ளுக்க ஊறியிருக்கும் சேர். பெரியாளுக்கு வயித்தால போகும், தலை சுத்தும். வெறும் வயித்தோட இருக்கிற சின்னப்பிள்ளையள் எண்டா எனக்குச் சொல்லப் பயமாக் கிடக்கு. ஆரும் திண்டிட்டினமோ?" எண்டார். இல்லை எண்டு சொல்லி வைச்சிட்டன். ஆசுபத்திரிக்குப் போனா வயித்தைக் கழுவி விடுவினம். நான் திண்டது ரெண்டு கைதானே. நேரத்தோட போனா ஒண்டும் செய்யாது, என்ன? என்ர கண் மஞ்சளாக் கிடக்கோ, பாத்துச் சொல்லுங்கோ.

என்ன அக்கா அப்பிடிப் பாக்கிறியள்?

நேரமோ? மூண்டே முக்கால்.

உலை ஆறு மணிக்குத்தான். ஓம், முதல்லயே சொன்னனானே. இன்னும் ஒருத்தரும் தின்னேல்லை. தவமலர் தன்ர பிள்ளையளுக்கும் குடுக்கேல்லை, எனக்குத் தந்ததைத்தான் முதல் அவிச்சது. ஆறு மணிக்குப் பிள்ளையள் எல்லாம் பள்ளிக்கூடத்தால வந்து, குளிச்சு, கோப்பையோட இருக்கும்.

நான் போய்த்தான் சொல்லவேணுமெண்டு என்ன கட்டாயம்? ஆசுபத்திரியில இருந்து ஆரையும் பிடிச்சு, பொலிசுக்கோ ஆருக்கோ சொல்லி விடலாம்தானே. தர்மிகா அஞ்சு மணிக்குக் கூட்டம் முடிஞ்சு போனைப் போடுவா.

ஓம். அவ சொன்னாக் கேக்காயினம். காலமையும் கேக்கேல்லை. இப்ப இன்னும் கேக்காயினம். நான் திண்டதைக் கண்ணால கண்டவை. பொலிசு போய்ச் சொன்னாலும், சேர் திண்டவர்தானே, சேருக்கு ஒண்டுமில்லைத்தானே எண்டு சொல்லுங்கள். நான் போய் அந்த வாசலில நிண்டாத்தான். நிண்டு, நான் நஞ்சைத்தான் திண்டனான், உங்களுக்குப் பயந்துதான் திண்டனான் எண்டு சொன்னாத்தான்.

அடிப்பினம் அக்கா. எனக்குத் தெரியும். பரஞ்சோதியரே முதல் அடிப்பார். அடிக்கத்தானே வேணும்.

எங்க எழும்புறியள்? கொண்டக்டரைக் கூப்பிடாதேங்கோ. இருங்கோ, கொஞ்சம் இருங்கோ. எவ்வளவு தூரம் வந்திட்டம்? ஆறு மைல் இருக்குமோ? நடந்தா ஆறு மணிக்குள்ள போயிடலாமோ? இந்த வயித்தோட எனக்கு நடக்க ஏலுமோ தெரியேல்லை. வழியில விழுந்தா? ஏதும் மோட்டச் சைக்கிள் வந்தா மறிக்கலாம், பெற்றோலும் இல்லாத காலத்தில ஆர் வரப்போறான்?

கையை விடுங்கோ அக்கா, நானே இறங்குறன். தம்பி, நிப்பாட்டு! நிப்பாட்டச் சொல்லு, இஞ்சயே இறங்குறன்!

அக்கா, நீங்களும் இறங்கி வாறியளோ? ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, பக்கத்தில நிண்டாக் காணும். நான் தனியப் போனா, அங்க போயும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லிப்போடுவன்.